பகையின் கண்ணில் விழுந்த ஒளி

அறிவுக்குப் பிறப்புக் குற்றம் உண்டா? அழிவைக் கருதிச் செய்யப்பட்ட கருவியொன்று, தான் தேடாத ஓர் உண்மையைக் கண்டு தருமாயின், அவ்வுண்மையை நாம் எம்மனத்தோடு ஏற்பது? தத்துவ நூல்களில் மாத்திரமே எழக்கூடிய வினா இது என்று நான் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டு எங்கள் பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவர் மன்றத்தில் அது என்னை நோக்கியே எழுந்தது.

'விஞ்ஞானமும் சமுதாயமும்' என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு மாணவர் அழைத்திருந்தனர். தமிழ் கற்பிப்பவன் விஞ்ஞானம்பற்றிப் பேசலாமோ என்ற தயக்கம் இருந்தபோதிலும் இசைந்தேன். யுத்தத்தின் பட்டறையில் வார்க்கப்படும் அறிவு யுத்தத்துக்கே பணிபுரியும் என்றும், இராணுவத்தின் பணத்தில் வளரும் ஆராய்ச்சி எதனையும் மக்கள் தம்முடையதாகக் கொள்ளலாகாது என்றும் உரத்த குரலிற் பேசினேன். கரகோஷம் பலமாக இருந்தது. கரகோஷம் பலமாக இருக்கும்போது பேசுபவன் தன் வாதத்தைச் சோதித்துப் பார்ப்பதில்லை. நானும் பார்க்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் கணிதப் பிரிவு மாணவன் ஒருவன் எழுந்தான். இறக்கும் பெருவிண்மீன்களிலிருந்து வரும் காமாக்கதிர் வெடிப்புகள் எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டன என்பதை அடக்கமாக எடுத்துச் சொன்னான். பின்னர், "சேர், போன கிழமை நீங்கள் சொன்னது சரியென்றால், இந்த ஒளியையும் நாங்கள் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டான். அன்று நான் கூறிய விடை எனக்கே திருப்தி தரவில்லை. பின்னர் அவன் குறிப்பிட்ட வரலாற்றைத் தேடிப் படித்தேன். அதன் பயனே இக்கட்டுரை.

1963 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5 ஆந் திகதி ஐக்கிய அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளும் மொஸ்கோவில் ஓர் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீரின் கீழும் அணுக்குண்டுப் பரிசோதனை நடத்துவதை அவ்வுடன்படிக்கை தடைசெய்தது. நிலத்தின் கீழ் நடத்துவதை அது தடைசெய்யவில்லை. ஒக்டோபர் 10 ஆந் திகதி உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. அதே மாதத்தில் அமெரிக்கா 'வேலா' என்னும் பெயருடைய இரு செய்மதிகளை வானில் ஏவியது. விழித்திருந்து காத்தல் என்னும் பொருளுடைய ஸ்பானிய மொழிச் சொல்லின் வழிவந்தது அப்பெயர். எதிரி சந்திரனுக்கு அப்பால் மறைவாகக் குண்டு வெடித்துப் பார்ப்பானோ என்ற ஐயமே அச்செய்மதிகளைப் படைத்தது. குண்டு வெடித்தால் காமாக்கதிர் எழும்; அக்கதிரை உணரும் கருவிகள் அவற்றிற் பொருத்தப்பட்டிருந்தன. பூமியிலிருந்து ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு அப்பால் அவை இணை இணையாகச் சுற்றிவந்தன.

1967 ஆம் ஆண்டு யூலை 2 ஆந் திகதி அக்கருவிகள் ஒரு காமாக்கதிர் வீச்சைப் பதிவு செய்தன. குண்டின் காமாக்கதிர் கணத்தில் உச்சமெய்தி உடனே தணியும் இயல்பினது. இதுவோ எழுந்து, தணிந்து, மறுபடியும் எழுந்து, சில செக்கன்கள் நீடித்தது. எதிரியின் குண்டு இதுவன்று என்பது தெளிவு. அவ்வாறாயின் எது? அணுக்குண்டு பிறந்த இடமாகிய லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த றேய் கிளெபசாடெல், றோய் ஒல்சன் என்போர் 1969 இல் பழைய பதிவுகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கும்போதே இதனைக் கண்டனர். பின்னர் ஏவப்பட்ட செய்மதிகள் நேரத்தை மேலும் நுண்மையாக அளக்கவல்லனவாயிருந்தன. 1969 யூலை முதல் 1972 யூலை வரை பதிவான 16 வெடிப்புகளை ஆராய்ந்து, அவை பூமியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவில்லை என்று நிறுவி, இயன் ஸ்ட்றோங் என்பவரையும் சேர்த்து மூவருமாக 1973 யூன் மாதத்தில் உலகுக்கு அறிவித்தனர்.

இங்கு என் தவறொன்றை ஒப்புக்கொள்ளல் வேண்டும். 1967 இற்குப் பின் 1973 வரை கழிந்த ஆறு ஆண்டுகளைக் கண்டவுடன், 'இராணுவ இரகசியம் அறிவை ஆறாண்டு சிறைவைத்தது' என்ற வாக்கியம் என் மனத்தில் உருவாகிவிட்டது. மேடைக்கு ஏற்ற வாக்கியம் அது. ஆனால் வரலாறு அதற்கு இடங்கொடுக்கவில்லை. ஒரே வெடிப்பின் கதிர் ஒரு செய்மதியை அடைவதற்கும் மற்றொன்றை அடைவதற்கும் இடையில் உள்ள நேர வேறுபாட்டைக் கொண்டே அது வந்த திசையை அறியலாம். முதலில் ஏவிய செய்மதிகளின் கடிகாரங்கள் அதற்குப் போதுமான நுண்மை உடையனவாக இருக்கவில்லை. திசை தெரியாமல், சூரியனை விலக்க முடியாமல், புதிய பொருளொன்றைக் கண்டோமென்று பறைசாற்ற அவர்கள் விரும்பவில்லை. தாமதத்துக்கு முதன்மையான காரணம் இந்த எச்சரிக்கையே. எமது கொள்கைக்கு வசதியான கதையை எவ்வளவு விரைவாக நாம் நம்பிவிடுகிறோம்!

இனி, அவர்கள் கண்ட ஒளி யாது என்பதைப் பார்ப்போம். சூரியனைப்போலப் பல மடங்கு திணிவுடைய ஒரு விண்மீன் தன் எரிபொருளை விரைவில் எரித்து முடிக்கிறது. ஐதரசன் ஈலியமாகி, ஈலியம் மேலும் பாரமான மூலகங்களாகி, ஈற்றில் அதன் நடுவில் இரும்பு சேருகிறது. இரும்பை இணைத்துச் சக்தியைப் பெற முடியாது. தாங்கும் சக்தி அற்றுப்போகவே நடுப்பகுதி தன்மேல் தானே இடிந்து விழுகிறது. விண்மீன் வேகமாகச் சுழலுவதாயின், நடுவிற் கருந்துளை தோன்ற, அதனைச் சுற்றி வட்டமிட்டபடி எஞ்சிய பொருள் உள்ளே வீழ்கிறது. சுழற்சியின் அச்சு வழியே இரு திசைகளிலும் ஒளியின் வேகத்தை மிக அண்மித்த இரு தாரைகள் பீறிட்டு, விண்மீனின் உடலைத் துளைத்து வெளிவருகின்றன. தாரை எமது பூமியை நோக்கியிருந்தால் மாத்திரம் காமாக்கதிர் வெடிப்பொன்றை நாம் காண்கிறோம். வேறு திசைகளை நோக்கிய பெரும்பாலானவை எம்மால் அறியப்படாமலே ஒழிகின்றன. சூரியன் தன் ஆயுள் முழுவதும் சொரியும் ஒளிச் சக்தியோடு ஒப்பிடத்தக்க சக்தி, சில செக்கன்களிலோ நிமிடங்களிலோ இத்தாரைகளில் வெளிப்படுகிறது. எமது வளிமண்டலம் காமாக்கதிரை உள்ளே விடுவதில்லை; அதனால் உயிர்கள் பிழைத்தன. வளிமண்டலத்துக்கு வெளியே ஒரு கருவியை வைக்கும்வரை மனிதர் இதனை அறியாதிருந்ததும் அதனாலேயாம்.

இரண்டு செக்கனுக்கு மேல் நீடிக்கும் வெடிப்புகளிற் பெரும்பாலானவற்றுக்கே இவ்விளக்கம் பொருந்தும். அதனினும் குறுகியவை பெரும்பாலும் நியூத்திரன் விண்மீன்கள் இரண்டு மோதி இணைவதால் எழுகின்றன. 2017 ஓகஸ்ட் 17 ஆந் திகதி ஈர்ப்பலைகளோடு சேர்ந்து வந்த வெடிப்பு அதனை உறுதிப்படுத்தியது. பெருவிண்மீனின் இடிபாடு பற்றிய விளக்கத்தையோ ஸ்ரான் வூஸ்லி என்பவர் 1993 இல் முன்வைத்திருந்தார். ஆயினும் ஒரு விளக்கத்தை முன்வைப்பது வேறு, அதனை நிறுவுவது வேறு.

இப்பொழுது வினாவுக்கு வருவோம். எதிரியை வேவு பார்க்கச் சென்ற செய்மதி இவ்வறிவின் தாய் என்பதை மறுக்க முடியாது. அதற்காக இவ்வறிவை ஒதுக்குவதா? பிறப்பினால் மனிதனைத் தீட்டென்று தள்ளும் வழக்கத்தை, 1960 களில் யாழ்ப்பாணத்துக் கோயில் வாசல்களிலும் தேநீர்க் கடைகளிலும் எதிர்த்து நின்றவர்களின் வழிவந்தவர்கள் நாம். மனிதனுக்கு நாம் மறுத்த பிறப்புத் தீட்டை உண்மைக்கு மாத்திரம் எவ்வாறு விதிப்பது? மன்றத்தில் நான் பேசிய பேச்சில் இந்த முரண்பாடு ஒளிந்திருந்தது. மாணவன் கண்டுகொண்டது இதனைத்தான்.

ஆயினும் இவ்வொப்புமையை ஓர் எல்லைவரையே கொண்டு செல்லலாம். பிறக்கும் குழந்தை தன் பிறப்பைத் தெரிந்தெடுப்பதில்லை. அதன்மேல் யாதொரு பொறுப்பும் இல்லை. அறிவோ மனிதரின் உழைப்பால் ஆவது. அதற்கென ஒருவர் பணம் கொடுக்கிறார், ஒருவர் உழைக்கிறார், இன்னொருவர், பல வேளைகளில் தாம் அறியாமலே, விலை கொடுக்கிறார். ஆகவே ஓர் அறிவின் பிறப்பை நோக்கி நாம் இரு வேறு வினாக்களை எழுப்பலாம். அது மெய்யா என்பது ஒன்று. அதன்பொருட்டு யாருக்குக் கடன்பட்டுள்ளோம் என்பது மற்றொன்று. முதலாவது வினாவுக்குப் பிறப்பு எவ்வித சாட்சியுமாகாது. பகைவன் எண்ணினாலும் நண்பன் எண்ணினாலும் ஒரு காமாக்கதிர் வெடிப்பின் செக்கன்கள் மாறுவதில்லை. இரண்டாவது வினாவுக்குப் பிறப்பைத் தவிர வேறு சாட்சியில்லை. நான் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பினேன். அறிவைப் புனிதமென்று கொண்டாடி அதன் பிறப்பைப்பற்றிப் பேசலாகாதென்பவர்களும் அதே குழப்பத்தையே மறுபுறத்திலிருந்து செய்கின்றனர்.

அத்தகையோர் கூறும் வாதமொன்றை இங்கு எதிர்கொள்ள வேண்டும். 'யுத்தமே விஞ்ஞானத்தின் தாய். வேலா இல்லையேல் காமாக்கதிர் வெடிப்பு இல்லை. ஆகவே ஆயுதச் செலவும் வீண்செலவன்று' என்பது அவர்கள் வாதம். இவ்வாதம் உண்மையாயின், பகையின் கண் தான் கண்ட பொருளையும் இன்னதென விளக்கியிருக்க வேண்டும். அது விளக்கவில்லை. 1973 இலே உலகுக்குக் கிடைத்தது ஒரு புதிர் மாத்திரமே. அடுத்த இருபது ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட கோட்பாடுகள் தோன்றின. வெடிப்புகள் எமது பால்வீதியின் அண்மையிலா, அண்டத்தின் தொலைவிலா நிகழ்கின்றன என்பதுகூடத் தெரியவில்லை. 1991 முதல் 2000 வரை பறந்த கொம்ப்ரன் செய்மதியின் கருவியொன்று 2,704 வெடிப்புகளைப் பதிவு செய்து, அவை வானத்தின் எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரந்துள்ளன என்று காட்டியது. மிகத் தொலைவிலிருந்தே இவை வருகின்றன என்று போலந்து நாட்டவரான போதான் பச்சின்ஸ்கி 1986 முதலே வாதாடி வந்தார். பெரும்பான்மையோர் நெடுங்காலம் அவர் பக்கம் நிற்கவில்லை.

விடை எப்படிக் கிடைத்தது? இத்தாலியும் நெதர்லாந்தும் இணைந்து செய்த பெப்போசக்ஸ் என்னும் செய்மதி 1997 பெப்ரவரி 28 ஆந் திகதி ஒரு வெடிப்பையும், அதன்பின் மங்கிவந்த எக்ஸ் கதிரையும் கண்டது. அதன் இடம் மற்றைய ஆய்வாளருக்கு அறிவிக்கப்பட்டது. ஒரு நாள் முடிவதற்குள் கனேரித் தீவுகளில் உள்ள லா பல்மாவின் தொலைகாட்டி அவ்விடத்தைப் படம்பிடித்தது. சில நாட்களின் பின் எடுத்த படத்தோடு அதனை ஒப்பிட்டபோது, மங்கி மறையும் ஓர் ஒளிப்புள்ளி புலப்பட்டது. அம்ஸ்ரடாம் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி மாணவர்களான பவுல் குரூற், ரைரஸ் கலாமா என்னும் இருவருக்கு அவ்வேலையிற் பெரும் பங்கு உண்டு. அதே ஆண்டு மே மாதத்து வெடிப்பொன்றின் ஒளியைப் பகுத்தபோது, அது பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து வந்ததென்பது உறுதியாயிற்று. பச்சின்ஸ்கி சொன்னது சரியாயிற்று. 1998 ஏப்பிரல் 25 ஆந் திகதி நிகழ்ந்த வெடிப்பின் இடத்திலேயே, ஏறத்தாழ 12 கோடி ஒளியாண்டுத் தொலைவில், ஒரு சூப்பர்நோவா காணப்பட்டது. 2003 மார்ச் 29 ஆந் திகதி வெடிப்பின் பின்னொளி மங்கியபோது, அதனுள்ளிருந்து சூப்பர்நோவாவின் நிறமாலை வெளிப்பட்டது. பெருவிண்மீனின் இடிபாடே நீண்ட வெடிப்புகளுக்குக் காரணம் என்பதில் அதன்பின் பெரிய ஐயம் இருக்கவில்லை. புதிரைத் தந்தது காவலாயிருக்கலாம். விடையைத் தந்தது பகிர்வு.

பகிர்வு என்று நான் கூறுவது ஒரு நல்லெண்ணச் சொல்லாக மாத்திரமன்று. திசையை அறிவதற்கு ஒரு கண் போதாது என்று மேலே கண்டோம். கண்கள் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றனவோ அவ்வளவு நுண்மையாகத் திசை தெரியும். எனவே வெவ்வேறு நாடுகள் வெவ்வேறு கிரகங்களை நோக்கி அனுப்பிய விண்கலங்கள், தாம் கண்ட நேரத்தை ஒருவருக்கொருவர் சொல்லியே ஆகவேண்டும். 1974 இல் சோவியத் ஆய்வாளர் தம் கொஸ்மொஸ் 461 செய்மதியின் பதிவுகளைக் கொண்டு அமெரிக்கரின் கண்டுபிடிப்பை உறுதிப்படுத்தினர். 1978 இல் வெள்ளிக் கிரகத்தை நோக்கிச் சென்ற வெனேரா 11, 12 ஆகிய கலங்களில், லெனின்கிராட் நகர ஆய்வாளர் யெவ்கேனி மசெற்ஸ் குழுவினரின் 'கோனுஸ்' கருவிகள் இருந்தன. 1994 நவம்பர் 1 ஆந் திகதி அமெரிக்கா 'விண்ட்' என்னும் விண்கலத்தை ஏவியபோது, அதே குழுவினர் செய்த கோனுஸ் கருவியொன்று அதனுள் ஏறிச் சென்றது. ஒருவரையொருவர் வேவு பார்க்க எழுந்த தொழிலில், ஒருவர் கலத்தில் மற்றவர் கண் பொருத்தப்பட்டது. இன்று ஒரு செய்மதி வெடிப்பைக் கண்டால், சில செக்கன்களில் அதன் இடம் உலகின் எல்லா நோக்ககங்களுக்கும் கட்டணமின்றி அறிவிக்கப்படுகிறது. 2022 ஒக்டோபர் 9 ஆந் திகதி, இதுவரை பதிவானவற்றுள் மிகவும் பிரகாசமான வெடிப்பு வந்தது. அதன் ஒளி ஏறத்தாழ 190 கோடி ஆண்டுகள் பயணஞ் செய்திருந்தது. அமெரிக்கச் செய்மதிகளும், ருசியரின் கோனுஸும், சீனாவின் சிச்சுவான் மலைமீதுள்ள லாசோ நோக்ககமும் அதனைக் கண்டன. அந்நாடுகளின் அரசுகள் அன்று ஒன்றையொன்று எப்படி நோக்கின என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கடன்பற்றிய வினா இன்னும் தீரவில்லை. வேலாவின் பிறப்பை இன்னும் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1954 மார்ச் 1 ஆந் திகதி பசுபிக் சமுத்திரத்தின் பிகினித் தீவில் அமெரிக்கா ஐதரசன் குண்டொன்றை வெடித்தது. அதன் நச்சுச் சாம்பல் றொங்கெலாப் தீவின் மக்கள்மீதும், 23 யப்பானிய மீனவர் இருந்த ஒரு படகின்மீதும் சொரிந்தது. அம்மீனவருள் ஒருவர் அவ்வாண்டு செப்ரெம்பரில் இறந்தார். யப்பானில் கோடிக்கணக்கானோர் குண்டுகளுக்கு எதிராகக் கையொப்பமிட்டனர். 1958 சனவரியில் லைனஸ் போலிங் என்னும் இரசாயன அறிஞர், பரிசோதனைகளை நிறுத்தக் கோரி ஆயிரக்கணக்கான விஞ்ஞானிகள் கையொப்பமிட்ட மனுவை ஐக்கிய நாடுகள் சபையிடம் கையளித்தார். 1963 இல் வல்லரசுகள் கைச்சாத்திட்ட உடன்படிக்கைக்குப் பின்னால் இத்தனை மக்களின் குரலும் இருந்தது. உடன்படிக்கை இல்லையேல் அதனைக் கண்காணிக்க வேலாவும் இல்லை.

இதனை உணர்ந்தபோது என் பழைய வாதம் முற்றாகவே சரிந்தது. வேலாவைப் படைத்தது இராணுவத்தின் ஐயம் மாத்திரம் என்று கூறியதன் மூலம், நான் மக்கள் இயக்கத்தின் பங்கை மறைத்துவிட்டேன். ஒவ்வொரு கருவியையும் ஆதிக்கத்தின் கணக்கில் எழுதிவிடுவது முற்போக்கான செயல்போலத் தோன்றும். எதிர்த்து நின்றவர்களையும் துன்புற்றவர்களையும் வரலாற்றிலிருந்து அழிப்பதே அதன் விளைவு. அச்செய்மதிகளின் பிறப்பில் தளபதிகளின் சந்தேகமும் உண்டு. சாம்பலில் நனைந்த மீனவரின் துயரமும் உண்டு. இவ்விரண்டையும் ஒருசேரக் கூறாதவன் அவ்வரலாற்றைக் கூறியவனாகான்.

எனவே, மாணவனின் கேள்விக்கு இப்பொழுது எனது விடை இது. அந்த ஒளியைப் பார்க்கலாம், பார்க்கவும் வேண்டும். அது எவருடைய சொத்துமன்று. பூமி தோன்றுமுன்னரே புறப்பட்டு, 2008 மார்ச் 19 ஆந் திகதி சில செக்கன்களுக்கு வெறுங்கண்ணுக்கும் எட்டக்கூடியதாய் வந்து சேர்ந்த வெடிப்பொளியும் உண்டு. அவ்வொளிக்கு எந்த அரசு உரிமை கோர முடியும்? ஆனால் அதனைக் கண்ட கருவிக்கு ஒரு வரலாறு உண்டு, அவ்வரலாற்றில் விலை கொடுத்தவர்கள் உண்டு. உண்மையை அனுபவிப்பவர் அவர்களையும் நினைத்தல் கடன். யுத்தத்தின் பணத்தில் வளரும் ஆராய்ச்சியை ஐயுறவேண்டும் என்ற என் கருத்தை நான் கைவிடவில்லை. ஐயுறுதல் என்பது ஆராய்ந்து கேட்பது: யார் பணம் கொடுக்கிறார்கள், எதற்காக, கண்டது எல்லோருக்கும் திறக்கப்படுகிறதா, பிறர் அதனைச் சோதிக்க முடிகிறதா என்று கேட்பது. கேட்காமலே ஒதுக்கிவிடுவது ஐயமாகாது, அது சோம்பல்.

இவ்வாண்டு மன்றத்தின் முதற் கூட்டத்திலே, சென்ற ஆண்டு நான் பேசியதில் எது தவறு என்பதை எழுதி வாசித்தேன். இம்முறை கரகோஷம் அவ்வளவு இருக்கவில்லை. அம்மாணவன் முழுமையாக உடன்படவுமில்லை. கடன் என்றால் அதனை யார், எப்படி அடைப்பது என்று கேட்டான். அதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. ஆசிரியர்களாகிய எங்கள் பங்கு என்னவென்பதை மாத்திரம் சொன்னேன். பௌதிகவியல் ஆசிரியர் விண்மீனின் இறப்பைக் கற்பிக்கும் அதே தவணையில், வரலாற்று ஆசிரியர் பிகினியைக் கற்பிக்கட்டும். இருவரும் ஒருநாள் ஒரே வகுப்பறையில் ஒன்றாக நிற்கட்டும். மாணவர் இரண்டையும் ஒரே கொப்பியில் எழுதட்டும். எங்கள் பாடசாலையில் அடுத்த தவணையில் அதனைச் செய்துபார்ப்பதென்று தீர்மானித்துள்ளோம்.